பெரிய திரை வேண்டாம்

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த மனஸ்தாபம், சனிக்கிழமை விடிந்த பிறகும் அந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பிறந்ததிலிருந்து எதையும் வாய்விட்டுக் கேட்டிராத மகள் பொடிசு, கையில் வைத்து விளையாடும் கேம் கன்சோல் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தப்பா அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தான். நாலு மாதம் பொறுத்தால் பெரிய திரையோடு புது மாடல் வருகிறது, இப்போது இருப்பதை வாங்குவது புத்தியில்லாத வேலை என்று அவன் சொன்னான். பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள் அம்மா.

பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அம்மா சொன்னால் முடிந்ததுதான். ஆனால் எப்போதும் அவள் பேச்சுக்குத் தலையாட்டும் அப்பா, அன்றைக்குத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எல்லாத்துக்கும் காத்துக்கிட்டே இருந்தா கடைசியில ஒண்ணுமே இருக்காது. சனிக்கிழமை வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பல்லிடுக்கில் மாட்டிய நார் போல அந்தப் பேச்சு அம்மாவை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பல் அவளுடைய தொழில். பல் செட் செய்யும் லேபில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு பூசி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, யாரோ ஒருவர் மறுபடி மென்று சாப்பிடவும் கூச்சமில்லாமல் சிரிக்கவும் வழி செய்கிறவள். ஒரு பல் மயிரிழை கோணலாக இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட கண், தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்ததை எப்படித் தவறவிட்டது என்று பின்னால் பல நாள் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் டீயைக் கொண்டுவந்து கணவரின் முழங்கைப் பக்கம் வைத்தாள். அவர் பேப்பரைப் புரட்டக் கையை நகர்த்தினார். டம்ளர் கவிழ்ந்து டீ மேசை முழுக்க ஓடியது.

வேண்டுமென்றே செய்தார் என்றுதான் அவள் நினைத்தாள். வாயைத் திறக்காமல் துடைத்தாள்.  அவர் நனைந்த பேப்பரைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, பன்னிரண்டு மணிக்கு மேல் மூன்று பேருமாகக் கடைக்குப் போய் வந்துவிடலாமா, சனிக்கிழமைகளில் தனக்கு இரண்டு மணிக்குத்தான் டூட்டி என்று கேட்டார். லேபில் வேலை இருக்கிறது என்றாள் அவள். சரி என்று சொல்லிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

தெருவில் அவரை எல்லோரும் பஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். டவுன் பஸ் ஓட்ட ஆரம்பித்து இருபது வருஷம் ஆகப் போகிறது. இந்த இரண்டு மூன்று மாதமாகத்தான் ஓயாத கழுத்து வலி. தினமும் சாயங்காலம் அவள் தைலம் தேய்த்துவிடுவாள். ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு வராத கழுத்து வலியா என்று அவளாகவே சமாதானம் செய்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் டி.வி.யில் ஆடும் வீடியோ கேம்கூட அந்த வலியால் நின்றுபோயிருந்தது.

லேபில் அன்று ஒரு கிழவருக்கான மேல்வரிசைப் பல் செட். முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி விடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். அந்த மனிதருக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கண்ணாடியில் வேறு யாரோ தெரிகிறார் என்கிறாராம். அவள் மெழுகைச் சுடவைத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனிடமிருந்து போன் வந்தது.

கடையில் பழைய மாடலில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறதாம். புதுசு வரப்போவதால் திங்கட்கிழமை அதையும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அண்ணன் காலையிலேயே போன் செய்து எடுத்து வை என்றாராம்.

"அண்ணன் இப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்ல அண்ணி. பொண்ணு கேட்டான்னா சரி. ஆனா தெரிஞ்சே பழசைத் தள்ளிவிடறதுக்கு எனக்கு மனசு வரல. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க" என்றான்.

கொழுந்தனுடைய நியாய புத்தி அவளுக்குப் பிடிக்கும். யோசித்துப் பார்த்தாள். கடையில் பெரிய திரை மாடலை ஒரு தடவை கண்ணில் காட்டிவிட்டால் போதும், பெண்ணே நாலு மாதம் பொறுக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். அப்புறம் அவர் என்ன செய்ய முடியும்? பொடிசை நேராகக் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, முதலாளியம்மாவிடம் பன்னிரண்டரைக்கே அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

பொடிசுக்கு இப்போது பதின்மூன்று வயது. குறைமாதத்தில் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரிப் பிறந்தாள் என்று வைத்த பெயர். இப்போது அம்மாவைவிட நாலு விரல் உயரம். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

கடை வாசலிலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே சித்தப்பா இரண்டையும் மேசைமேல் வைத்துத் தயாராக இருந்தான். ஒன்று இப்போதைய மாடல், இரண்டு கையாலும் பிடித்தால் விரல்கள் கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும். இன்னொன்று வரப்போகும் மாடலின் மாதிரி. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடுதான். ஆனால் திரை ஒரு பாடப்புத்தகம் அகலம்.

அவன் விற்பனைக்காரன் வழக்கப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினான். அம்மாவும் தன் பங்குக்கு எடுத்துச் சொன்னாள். நாலு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பரீட்சையும் முடிந்திருக்கும். இன்றைக்கு வாங்கிவிட்டு, நாளைக்குச் சிநேகிதி கையில் பெரியதைப் பார்த்து ஏங்கக் கூடாது.

பொடிசு பெரிய கூட்டைத் தொடக்கூட இல்லை.

"எனக்குப் பெருசு வேணாம்மா. சின்னதுதான் வேணும்."

"ஏன்டி? எல்லாரும் பெருசுதான் கேப்பாங்க."

"பெருசுல ஆட முடியாது."

"யாரால?"

பொடிசு சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சார்ஜர்களும் ஒயர்களும் தொங்கிய கடைசி அலமாரிப் பக்கம் போனாள். ஒயர் ஒன்றைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அப்பாவால" என்றாள்.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியாதவள் போலச் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்பாவும் அவளும் சேர்ந்து ஆடுவது, இரண்டு பேராகக் காட்டைக் கடந்து போகும் ஆட்டம். மரத்துக்குப் பின்னாலிருந்து வௌவால்கள் பறந்து வரும். முன்பெல்லாம் அப்பாதான் கெட்டிக்காரர். கொஞ்ச நாளாக ஓரத்திலிருந்து வரும் வௌவால் எல்லாம் அவரை அடித்துவிட்டுப் போனது. நேராக வருவதை மட்டும் தட்டிவிட்டார். முதலில் அவள் சிரித்தாள். வேண்டுமென்றே தோற்கிறார் என்று நினைத்தாள். ஒருநாள் தன் ஆளைத் திரையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கையை ஆட்ட வைத்தாள். எங்கே போய்விட்டாய், உன்னைக் காணோமே என்று அப்பா தேடினார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேடினார்.

"அப்புறம் அதே ஆட்டத்தோட வீடியோவை உன் போன்ல போட்டு அப்பாகிட்ட குடுத்தேன்மா. வௌவால் எங்கெல்லாம் வருதுன்னு கேட்டேன். ஒண்ணு விடாம சொன்னாரு. சின்னத் திரையில எல்லாம் நடுவுலயே வந்துடுது. அதான் எனக்குச் சின்னது வேணும்."

அவள் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் கவிழ்ந்த டீ, கழுத்து வலி, குளியலறைக் கதவில் இடித்து இடித்துத் தோளில் ஆறாமல் கிடந்த காயம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தன. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே வந்த வலி அது. அதற்குத்தான் அவள் தினமும் தைலம் தேய்த்தாள்.

அதற்கு அடுத்த நினைப்பு வந்தபோது அவள் அலமாரியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்" என்றாள்.

பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள். அதற்காகத்தான் மூன்று வாரமாக அப்பாவின் பஸ்ஸிலேயே ஸ்கூலுக்குப் போகிறேன் என்றாள். கதவோரம் இருக்கிற முதல் ஸீட்டில் உட்கார்ந்துகொள்வாளாம். சும்மா வம்பளக்கிற மாதிரிப் பேசிக்கொண்டே வருவாளாம். அப்பா, அந்தத் தள்ளுவண்டியில் எவ்வளவு பூ பாருங்கள். அப்பா, இந்தப் பக்கம் ஒரு தாத்தா நிற்கிறார். அப்பா, அந்த நாய்க்குட்டி குறுக்கே வரப்போகிறது.

கணவர் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. உன் பெண் வண்டியில் ஏறினால் ரேடியோ வர்ணனை கேட்கிற மாதிரி இருக்கிறது, நேரம் போவதே தெரியவில்லை என்றார். அரை மணி முன்னதாக எழுந்து ஓடுகிறாளே, அப்பாமேல் அவ்வளவு பாசமா என்று அவளும் உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைப்பட்டிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அப்பாவை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. வண்டி இல்லாம அப்பா என்னம்மா பண்ணுவாரு?" என்றவள், உடனேயே வேறு குரலில், "இன்னைக்கு சனிக்கிழமை. இன்னைக்கு நான் கூட இல்ல" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து.

அம்மா கடைக்குள்ளிருந்து வேகமாக வெளியே வந்தாள். என்ன அண்ணி, எதைப் போடட்டும் என்று கொழுந்தன் பின்னாலிருந்து கேட்டான்.

"சின்னதுக்குப் பில் போடுப்பா. வந்து வாங்கிக்கிறோம்" என்றாள். சொன்னது தான்தானா என்று நினைக்க அவளுக்கு நேரமில்லை.

டிப்போ இரண்டு தெரு தள்ளி இருந்தது. அம்மாவும் மகளும் வேகமாக நடந்தார்கள். பாதித் தூரத்துக்கு மேல் அது நடை இல்லை, ஓட்டம்தான்.

டிப்போ வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே விட்டார். வண்டிகள் வரிசையாக நின்ற கொட்டகையில் டீசல் வாடை. மூன்றாவது வரிசையில் அவர் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கவாட்டில்தான் போனாள். மிக அருகில் போய் நிற்கும்வரை அவர் நிமிரவில்லை. அதுவே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

அப்போதுதான் அவருடைய வண்டிக் கண்ணாடிகளைக் கவனித்தாள். மற்ற வண்டிகளுக்கு இல்லாத சின்ன வட்டக் கண்ணாடிகள் அவர் வண்டியில் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒட்டப்பட்டிருந்தன. பசை வெளியே வழிந்திருந்தது. அவரே ஒட்டியிருக்க வேண்டும்.

"என்னம்மா, லேபுக்குப் போகலையா?" என்று கேட்டார்.

"எவ்வளவு நாளா உங்களுக்கு ஓரம் தெரியல?"

அவர் மகளைப் பார்த்தார். பொடிசு தூணைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள்.

இல்லை என்று அவர் சாதிக்கவில்லை. அதற்கு அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது, கோபத்துக்கு நடுவிலும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டியின் படியில் உட்கார்ந்து சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றத்தான் போனாராம். டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் அதிகம் என்று சொல்லி இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினாராம்.

"ஒரு கிண்ணம் மாதிரி இருக்கு. அதுக்குள்ள தலையை வச்சுக்கணும். வெளிச்சப் புள்ளி வர்றப்போ எல்லாம் பட்டனை அமுக்கணும். நம்ம பொடிசோட ஆடற ஆட்டம் மாதிரிதான்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல புள்ளியே வரல. உங்க மிஷின் நின்னுடுச்சும்மான்னு நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்." துணியை மடித்து வைத்தார். "மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு."

போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்களாம். மருந்தை வேளை தவறாமல் விடுகிறாராம். வண்டியில் வைத்திருக்கும் பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருக்கிறாராம், வீட்டில் வைத்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று.

இன்னும் நாலு மாதம்தான் என்றார். நாலு மாதத்தில் இருபது வருஷ சர்வீஸ் முடிகிறது. இருபது முடித்தவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஒருநாள் குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு மாதத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தாராம். மெதுவாகத்தான் போகிறாராம். ஆயிரம் தடவை திரும்பிப் பார்த்துத்தான் போகிறாராம்.

"வேலைக்கு நாலு மாசம் பொறுக்கலாம்னு நெனச்சீங்க. கன்சோலுக்கு மட்டும் ஏன் பொறுக்கல?"

அவர் டயரைப் பார்த்தபடி சொன்னார்.

"அவளோட ஆடறது என்னால முடியாமப் போயிடுச்சு. அவ பாட்டுக்கு ஓரத்துல நின்னு என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா எனக்குத் தெரியல. நாலு மாசத்துல இந்தக் கண்ணு எவ்வளவு மிஞ்சும்னு யாருக்குத் தெரியும்? இருக்கும்போதே அவளோட கொஞ்ச நாள் உட்காரலாம்னு தோணுச்சு."

 ஆனாலும் அவள் விடவில்லை. விட்டுவிட்டால் இரண்டு மணிக்கு அந்த வண்டி வெளியே போய்விடும்.

"இத்தனை நாள் இந்த வண்டியை நீங்க மட்டும் ஓட்டலைங்க. உங்க பொண்ணும் சேர்ந்துதான் ஓட்டினா. அவளுக்கு ஏன் திடீர்னு உங்க பஸ் மேல ஆசை வந்துச்சுன்னு நெனச்சீங்க? முதல் ஸீட்டுல உட்கார்ந்து அவ பேசினது எல்லாம் பேச்சா?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. தள்ளுவண்டி, தாத்தா, நாய்க்குட்டி என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் அவர் முகம் மாறியது. கண் கெட்ட செய்தியை அவ்வளவு நிதானமாகச் சொன்ன மனிதர், இதைக் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தூணுக்குப் பக்கத்தில் பொடிசு அழுதுகொண்டிருந்தாள்.

பக்கத்து வண்டி டிரைவர் ஒருவர், என்ன அண்ணே என்று எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு பஸ்காரர் எழுந்தார். மருந்துப் பையையும் வண்டிச் சாவியையும் டூட்டிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு டிப்போ மேலாளர் அறையை நோக்கி நடந்தார். அவளைக் கூட வா என்று கூப்பிடவில்லை. அவளாகவே பின்னால் போனாள்.

மேலாளர் கடுகடுப்பான ஆள் என்று பெயரெடுத்தவர். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவர் திட்டவில்லை. சாவியை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார். போனை எடுத்து இரண்டு மணி வண்டிக்கு வேறு ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டி, எப்போதிலிருந்து தெரியும் என்பதை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்றார்.

"என்கிட்ட அப்பவே வந்து சொல்லியிருந்தா, ஏதாவது வழி பார்த்திருப்பேன்ல. இப்ப இந்த ரெண்டு மாசத்தை நான் எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

 பஸ்காரர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை கம்பெனி டாக்டரைப் பார்க்க வேண்டும். நாற்காலியா, வீடா என்பது அதற்குப் பிறகுதான்.

வெளியே வந்தபோது அவருடைய வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வாசலைக் கடந்துபோனார்கள். ஒட்டியிருந்த வட்டக் கண்ணாடியில் மூன்று பேரும் ஒரு நொடி சின்னதாகத் தெரிந்தார்கள். அவர் வண்டி போன பக்கம் பார்க்கவில்லை. கடை இன்னும் திறந்திருக்குமா என்று மகளிடம் கேட்டார்.

கொழுந்தன் பில்லோடு காத்திருந்தான். மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, பெரிய திரை பற்றி அவன் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா அண்ணி என்று மட்டும் கேட்டான். நாளைக்கு வா என்றாள் அவள். இன்றைக்கு இன்னொருவருக்கு முதலிலிருந்து எடுத்துச் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணிவிட்டு, நாலு மணிவாக்கில் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொடிசுதான் டப்பாவைப் பிரித்தாள். ஜவ்வுத்தாளை உரித்து, சார்ஜ் போட்டு, அதே காட்டு ஆட்டத்தை ஏற்றினாள். கன்சோலை அப்பாவின் கையில் கொடுத்து, முகத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று அவளே முழங்கையைப் பிடித்துச் சரிசெய்தாள்.

ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவது என்று ஏற்பாடு. அவருடைய முறை வந்தபோது முதல் வௌவால் இந்தப் பக்க ஓரத்திலிருந்து வந்தது. தட்டிவிட்டார். அடுத்தது அந்தப் பக்கம். அதையும் தட்டினார். மூன்றாவது, நாலாவது என்று போனது. கழுத்து திரும்பவே இல்லை.

"எல்லாம் தெரியுது" என்றார்.

குரல் என்னவோ போல இருந்தது. பொடிசு அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லப் போனாள். அவர், நீ சும்மா இரு, எனக்கே தெரிகிறது என்றார். மகள் சிரித்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் உதடு விரிந்தது. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள் போல, தாடை வலித்தது.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. நாற்காலி கிடைக்காமல்கூடப் போகலாம். ஆனால் வண்டி அவர் கையில் இல்லை. அது ஒன்றே போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முறை முடிந்ததும் கன்சோலை மகளிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தப்புதான். பெரிய தப்புதான் பண்ணிட்டேன்" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். "ஏதோ நல்ல நேரம், இந்த ரெண்டு மாசத்துல என்னால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

பொடிசின் விரல்கள் பொத்தான்மேல் அப்படியே நின்றன. திரையில் வௌவால் வந்து மோதியது. அவள் அசையவில்லை.

"என்னடி?" என்றாள் அம்மா.

பொடிசு கன்சோலை மெதுவாக மேசையில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு புதன்கிழமை. அன்றைக்கு அவளுடைய ஸ்கூல் வேன் வரவில்லை. அதனால் அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள். சிநேகிதியோடு கடைசி ஸீட்டில், பின்கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட் திருப்பத்தில் வண்டி ஓரமாகத் திரும்பியது. ஏதோ ஒரு சின்னச் சத்தம். பஸ்ஸில் யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு அம்மா ரோட்டோரமா விழுந்து கிடந்தாங்க. பச்சைப் பை. அதுல இருந்து பழமெல்லாம் உருண்டு ஓடிச்சு. அவங்க எழுந்திரிச்சாங்களா இல்லையான்னு பார்க்கறதுக்குள்ள நம்ம பஸ் தூரமா வந்துடுச்சுப்பா."

அதற்கு மறுநாளிலிருந்துதான் அவள் முதல் ஸீட்டில் உட்கார ஆரம்பித்திருக்கிறாள்.

 அம்மா கையை நீட்டி ஆட்டத்தை அணைத்தாள். மகளை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.  மூன்று வாரமாக இதையும் சேர்த்துச் சுமந்துகொண்டா இந்தப் பிள்ளை அரை மணி முன்னதாக எழுந்து ஓடினாள்?

அவர் எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையைக் கையால் தடவித் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.  பொத்தானை அவள் போய்ப் போட்டுவிட்டாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"அந்தத் திருப்பத்துல கடைங்க இருக்கு. பார்த்தவங்க யாராவது இருப்பாங்க" என்றவர், மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். "வாம்மா, இடத்தைக் காட்டு. வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம்."